நேரெதிரே நிற்கும் விளக்கு

கல்யாண மண்டபத்திலாயினும், திருச்சிப் பொன்மலையின் ரயில்வேத் தொழிலாளி ஒருவரின் பணி நிறைவு விழாவிலாயினும், ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதி வீடொன்றில் நடைபெறும் சஷ்டியப்தபூர்த்தியிலாயினும், புகைப்படம் நன்றாக வருவதற்கு வெளிச்சம் மிகுதியாக இருக்க வேண்டும், அந்த வெளிச்சமும் முகத்துக்கு நேர் எதிரேயிருந்து வர வேண்டும், முகத்தில் எந்த மூலையிலும் நிழல் தட்டக் கூடாது என்னும் அபிப்பிராயம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. படம் எடுப்பவர் இதை நம்புகிறார். பணம் கொடுத்து எடுக்கச் சொல்பவர் அவரினும் அதிகமாக நம்புகிறார். மேடை அலங்காரம் செய்பவர் இரும்புக் குழாய்களில் எல்.இ.டி. விளக்குகளை வரிசையாகக் கட்டி, மணமக்களின் முகத்தை நோக்கித் திருப்பிவிட்டு, தம் காரியம் முடிந்ததென்று போய்விடுகிறார். இந்த அபிப்பிராயம் பிழையானது. நம்முடைய முகங்களுக்கே தீங்கு செய்வது. இதுவே என் கட்சி.

எதிர்க்கட்சியின் நியாயத்தை முதலில் அதன் முழு வலுவோடு சொல்லிவிடுகிறேன். மாங்கல்ய தாரணம் ஒரு முறைதான் நிகழும். கெட்டிமேளம் முழங்கும் அந்த அரை நிமிஷத்தில் விளக்கின் கோணத்தை யோசித்துக்கொண்டிருப்பவன் படத்தை இழந்துவிடுவான். உறவினர் சுற்றிலும் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் யார் எந்தப் பக்கம் திரும்புவார் என்று சொல்ல இயலாது, நேர் வெளிச்சமாயின் எப்பக்கம் திரும்பினாலும் முகம் தெரியும். வீடியோ எடுப்பவருக்குத் தொடர்ச்சியான பிரகாசம் வேண்டும். ஆல்பம் என்பது கலைக்கண்காட்சியன்று, வந்த உறவினர் ஒவ்வொருவரும் அடையாளம் தெரிய வேண்டும், அதிலும் பெண் ‘பளிச்சென்று’ இருக்க வேண்டும் என்பது வீட்டாரின் ஆசை. இவ்வளவுக்கும் மேலே ஏதேனும் குறை நேர்ந்தால், கம்ப்யூட்டரில் திருத்திக்கொள்ளலாம். இவை அறிவீனர் வாதங்கள் அல்ல. பந்தி முடிவதற்குள் மண்டபத்தில் உள்ள அத்தனை பேரையும் படம் பிடித்தாக வேண்டிய உழைப்பாளிகளின் அனுபவத்தில் பிறந்தவை. ஆயினும் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தால் ஒன்றுகூட நிற்பதில்லை.

1. வெளிச்சத்தின் அளவும் வெளிச்சத்தின் திசையும் ஒன்றா? எதிர்க்கட்சியின் மூலப் பிழை இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதியதே. அளவு என்பது கேமராவுக்கு வேண்டியது. திசை என்பது முகத்துக்கு வேண்டியது. மனித முகம் மேடும் பள்ளமுமானது: நெற்றி ஒரு மேடு, கண்குழி ஒரு பள்ளம், மூக்கின் தண்டு ஒரு வரப்பு, கன்னத்து எலும்பு ஒரு சரிவு. படமோ தட்டையானது. தட்டையான ஒரு தாளில் மேட்டையும் பள்ளத்தையும் பார்ப்பவனுக்கு உணர்த்தப் பெரிதும் துணையாவது நிழல். கேமரா நிற்கும் இடத்திலிருந்தே ஒளியும் புறப்படுமானால் அது எழுப்பும் நிழல் யாவும் முகத்தின் பின்புறம் போய் மறைந்துவிடுகின்றன. கேமராவின் கண்ணுக்கு நிழலே தெரிவதில்லை. நிழல் தெரியாத முகம் உருவை இழந்து வெறும் வண்ணப் பரப்பாகிவிடுகிறது.

பொன்மலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க ஒரு காட்சி போதும். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பணி நிறைவு பெறுவோருக்கு மாதத்தின் கடைசி நாளில் மாலை போட்டு, சால்வை போர்த்தி, மேளத்தோடு வீடு வரை கொண்டு விடுவது வழக்கம். அப்படிப்பட்ட ஒரு விழாவில், வாழ்நாளெல்லாம் எஞ்சின் பழுதுபார்த்த ஃபிட்டர் ஒருவரை இரண்டு எல்.இ.டி. பலகைகளுக்கு எதிரே நிறுத்தி எடுத்த படத்தைப் பார்த்தேன். ஆளுயர ரோஜா மாலை தகதகக்கிறது. சால்வையின் ஜரிகை எரிகிறது. நடுவே அவருடைய முகம், எண்ணெய்ப் பசை மட்டும் மினுங்கும் ஒரு வட்டமாக இருக்கிறது. அன்றே சாயங்காலம் அவர் தம் குவார்ட்டர்ஸின் வாசற்படியில் உட்கார்ந்திருக்கையில் பேரன் கைபேசியால் எடுத்த படம் ஒன்றும் இருக்கிறது. தெருப்பக்கத்திலிருந்து வந்த மாலை ஒளி முகத்தின் ஒரு பாதியில் விழுந்து மறு பாதியை வீட்டின் இருட்டுக்கு விட்டிருக்கிறது. நெற்றியின் மூன்று சுருக்கங்களும், புருவத்தின் ஓரத்தில் சூட்டுக் காயம் விட்டுப்போன வெளிறிய தழும்பும், மழிக்கத் தவறிய இடத்தில் நின்ற இரண்டொரு வெள்ளை மயிரும், பேசி முடித்தபின் உதடு மூடாமல் இருக்கும் அவருடைய வழக்கமும் அதிலே இருக்கின்றன. விலையுயர்ந்த கேமரா காணாததைக் கைபேசி கண்டதற்குக் காரணம், ஒளி பக்கத்திலிருந்து வந்ததே.

2. ‘ஒரே முறை நிகழ்வது, ஆகவே நேர் வெளிச்சமே பாதுகாப்பு’ என்பது உண்மையா? நேர்மாறு. ஒளி, புறப்பட்ட இடத்திலிருந்து தூரம் செல்லச் செல்லத் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவது பௌதிக விதி: தூரம் இரு மடங்கானால் ஒளி நாலில் ஒரு பங்கு, மும்மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. கேமராவின் தலைமேல் ஃபிளாஷை மாட்டிக்கொண்டு தாலி கட்டும் தருணத்தை எடுப்பவருக்கு மூன்று அடி தூரத்தில் ஒரு மாமாவின் தோள் குறுக்கிடுகிறது. மணப்பெண் ஒன்பது அடிக்கு அப்பால் இருக்கிறாள். மாமாவின் சட்டை மணப்பெண்ணின் முகத்தைப்போல் ஒன்பது மடங்கு ஒளி பெற்று வெளுத்துப் போகிறது. பார்க்கிறவரின் கண் முதலில் போய் நிற்பது அங்கேதான். விளக்கை மேடையின் பக்கவாட்டில், தலைக்கு மேலே, மணமக்களிடமிருந்து பன்னிரண்டு அடி தள்ளி வைத்திருந்தால், விளக்கிலிருந்து பத்தடிக்கும் பதினாலடிக்கும் இடையே நிற்கும் அனைவருக்கும் கிடைக்கும் ஒளியின் வித்தியாசம் ஏறக்குறைய இரண்டு மடங்கோடு முடிந்துவிடும். எது பாதுகாப்பு என்று வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

அதுவுமன்றி, யோசிக்க நேரமில்லை என்ற புகார் எனக்கு விளங்கவில்லை. நம் கல்யாணத்தைப்போல் முன்கூட்டித் தெரிந்த நிகழ்ச்சி உலகத்தில் வேறு உண்டா? முகூர்த்த நேரம் பத்திரிகையில் அச்சாகிறது. மணமேடை முதல் நாளே கட்டப்படுகிறது. மணமக்கள் எந்தத் திசை நோக்கி அமர்வார்கள், அக்னி எங்கே, சாஸ்திரிகள் எந்தப் பக்கம், மூன்றாம் முடிச்சுப் போடும் நாத்தனார் எந்தத் தோளுக்குப் பின்னே வந்து நிற்பாள் என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாக நிச்சயிக்கப்பட்டவை. முதல் நாள் சாயங்காலம் அரை மணி நேரம் மேடையைச் சுற்றிவந்து விளக்குக்கு இடம் குறித்துக்கொள்ள இயலாது என்பவர், தருணத்தின் மேல் பழி போடக் கூடாது.

3. வீடியோவுக்காகத்தானே இவ்வளவு விளக்கும்? ஒரு காலத்தில் இருந்த நியாயம் அது. ஊட்டியில் 1960-இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ பிலிம் சுருளை வாங்கிப் போட்டு, 100 அல்லது 125 ஐ.எஸ்.ஓ. வேகத்தில் படமெடுத்த நாட்களிலும், பின்னர் வீடியோ நாடா புதிதாக வந்து மங்கலில் ஒன்றும் பிடிக்காமல் திணறிய நாட்களிலும், ஆயிரம் வாட் ஹாலஜனைத் தூக்கிக்கொண்டு ஒரு லைட் பாய் கேமராக்காரரின் பின்னாலேயே ஓட வேண்டியிருந்தது. அக்னி நட்சத்திரத்துக் கல்யாணத்தில் அந்த விளக்கின் சூட்டில் மணப்பெண்ணின் சாந்து கரைந்து வழிந்ததைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய கேமராவோ 6400 ஐ.எஸ்.ஓ. வேகத்தில் சாதாரணமாக வேலை செய்கிறது. குத்துவிளக்கின் ஒளியில்கூட முகத்தைக் காண்கிறது. காரணம் போன பின்பும் காரியம் தொடர்வது வெறும் பழக்கம். மேலும், தொடர்ச்சியான ஒளி வேண்டும் என்பதால் அது நேரெதிரேயிருந்துதான் வர வேண்டும் என்பது எப்படிப் பெறப்படும்? பக்கவாட்டில் நிற்கும் விளக்கும் தொடர்ச்சியாகத்தான் எரிகிறது.

இதிலே ஒரு புது வினையும் சேர்ந்திருக்கிறது. மணமக்களுக்குப் பின்னே பெரிய எல்.இ.டி. திரை வைத்து அதில் பூவும் பறவையும் ஓடவிடுகிறார்கள். கேமராவின் ஒளிமானி அந்தத் திரையின் பிரகாசத்தைக் கண்டு தன் துவாரத்தைச் சுருக்குகிறது. முன்னே நிற்கும் முகங்கள் இருள்கின்றன. முகங்கள் இருண்டன என்பதற்காக எதிரே இன்னும் நாலு விளக்கு ஏற்றுகிறார்கள். திரையின் பிரகாசத்தைக் குறைத்தால் தீர்ந்துபோகும் குறைக்குப் பணம் செலவழித்துக் குறையை இரட்டிப்பாக்குகிறோம். மலிவான எல்.இ.டி. விளக்குகளோ நம் மின்சாரத்தின் ஐம்பது சுழற்சிக்கு ஏற்ப விநாடிக்கு நூறு தடவை துடிக்கின்றன. கேமராவின் ஷட்டர் வேகம் அதற்கு இசையாதபோது வீடியோவில் கறுப்புப் பட்டைகள் ஏறி இறங்குகின்றன.

4. பெண் ‘பளிச்சென்று’ இருக்க வேண்டும் என்றால் என்ன அர்த்தம்? வெளுப்பாக இருக்க வேண்டும் என்று அர்த்தம். இந்த விவகாரத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

கரிய மேனியை வெளுப்பாகக் காட்டும் ஆசை நம் மண்டபங்களில் மாத்திரம் பிறந்ததன்று; புகைப்படத் தொழிலே ஒரு காலத்தில் அந்தச் சார்போடு நடந்தது. கோடக் நிறுவனம் வண்ணப் படங்களை அச்சிடும் கூடங்களுக்கு மாதிரிக்காக அனுப்பிய அட்டைகளில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். ‘ஷெர்லி அட்டை’ என்று பெயர் பெற்ற அதைக் கொண்டுதான் மேனி நிறம் சரியா என்று பல்லாண்டுகள் நிதானித்தார்கள். பிரெஞ்சு சினிமா மேதை கோதார், 1970-களின் பிற்பகுதியில் மொசாம்பிக் சென்றபோது, கறுப்பு மக்களைப் படமாக்கக் கோடக் பிலிம் உதவாதென்று மறுத்தார். சாக்லெட்டின் நிறமும் மர மேஜையின் நிறமும் சரியாக வரவில்லையென்று விளம்பரதாரர்கள் முறையிட்டது அந்த பிலிமைத் திருத்துவதற்கு ஒரு காரணமாயிற்று என்பது, மனிதர்களின் முறையீட்டுக்கு இருந்த மதிப்பைக் காட்டுகிறது. இன்றைய கேமராவில் அந்தக் குறை பெரிதும் நீங்கிவிட்டது. கருவி திருந்திய பின்பும் நாம் திருந்தாமல், நம் கையாலேயே விளக்கை நேரெதிரே நாட்டி, நம் பெண்களின் நிறத்தை அழித்துக்கொண்டிருக்கிறோம்.

கரிய மேனிக்கு ஒளியூட்டும் முறை வேறு. வெளுத்த தோல் தன்மேல் விழும் ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிக்கிறது. ஆகவே அதன் உருவத்தை நிழலின் படிகள் காட்டுகின்றன. கரிய தோல் சிதறடிப்பது குறைவு. அதன் அழகு மேற்பரப்பின் மினுக்கத்தில் இருக்கிறது. அந்த மினுக்கம், பரந்த ஒரு ஒளி பக்கத்திலிருந்து வந்து நெற்றியின் ஓரத்திலும் கன்னத்தின் சரிவிலும் தாடையின் விளிம்பிலும் நீண்டு படியும்போது உருவாவது. சிறிய விளக்கை நேரெதிரே எரித்தால் மூக்கின் நுனியிலும் நெற்றியின் நடுவிலும் இரண்டு வெள்ளைப் பொட்டுகள் மாத்திரம் உண்டாகும். அதை மறைக்கப் பவுடர் மேல் பவுடராக அப்புவார்கள். மேனி சாம்பல் பூத்துப் போகும்.

இதை ஸ்ரீரங்கத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டுமா? அரங்கநாதர் கோயிலில் பெரிய பெருமாளின் மூலத் திருமேனி சுதையாலானது. அதற்கு நித்தியத் திருமஞ்சனம் கிடையாது. தைலக் காப்பு உண்டு. கரிய அத்திருமேனியைத் தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் தரிசித்து வந்தது தீப ஒளியில். தைலம் படிந்த கரிய திருமுகத்தில் தீபம் அசைய அசைய மினுக்கம் நகர்கிறது. அந்த நகர்ச்சியிலே திருமுக மண்டலத்தின் வடிவம் முழுவதும் விளங்குகிறது. சந்நிதியில் நிற்பவர் யாரும் பெருமாள் இன்னும் வெளுப்பாகத் தெரிய வேண்டுமென்று வேண்டிக்கொள்வதில்லை. சந்நிதியில் கண்குளிரக் கண்ட அழகை மண்டபத்துக்கு வந்ததும் குறையென்று எண்ணி, சொந்த மகளின் முகத்திலிருந்து துடைத்தெடுக்கச் சொல்வது எந்த ரசனையைச் சேர்ந்தது?

5. முகத்தில் நிழல் விழுவது அமங்கலம், அதை ஜனங்கள் ஒப்ப மாட்டார்கள் என்கிறார்களே? ஜனங்கள் ஒப்பி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. பாலு மகேந்திரா ‘மூன்றாம் பிறை’க்கும் பி.சி. ஸ்ரீராம் ‘நாயக’னுக்கும் ஒளிப்பதிவுக்காகத் தேசிய விருது பெற்றார்கள், பாதி முகம் இருளில் இருக்கும் காட்சிகளை நம் ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தார்கள், மறுமுறையும் பார்த்தார்கள். அவர்களுக்கும் முன்னே, 1956-இல் வெளிவந்த ‘அபராஜிதோ’ படத்தில், காசியிலுள்ள ஒரு வீட்டின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவுக்குள் கட்டியபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா அந்த முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து துணியை நோக்கித் திருப்பி, அதிலிருந்து திரும்பி விழுந்த ஒளியில் படமெடுத்தார். வானத்து ஒளிதான் அது என்று கண்டவர் நம்பினார்கள். விளக்கை மனிதரை விட்டுத் திருப்பிவைத்ததே அவருடைய யுக்தி. ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளில் முற்றம் உள்ளவர்கள் ஊஞ்சலை அதன் ஓரத்துக்கு நகர்த்தி ஒரு படம் எடுத்துப் பார்க்கட்டும்; மித்ரா துணி கட்டிப் பெற்ற ஒளி தலைக்கு மேலே தானாக வந்துகொண்டிருக்கிறது.

பட்டுப்புடவை விஷயமும் இதிலேயே அடங்கும். ஜரிகை உலோகம், பக்கத்து ஒளியில்தான் அதன் நெசவு இழை இழையாக எழுந்து நிற்கும். நேர் ஒளியில் ஒன்று தட்டையாகப் படுத்துவிடும், அல்லது ஒரே வெள்ளைத் தீற்றலாக எரியும். கைத்தறிக்காரர் மாதக்கணக்கில் உழைத்து நெய்ததையும், தகப்பனார் கடன் வாங்கி எடுத்துக் கொடுத்ததையும் ஒரு விளக்கின் இடப்பிழையால் இழக்கிறோம்.

6. கம்ப்யூட்டரில் திருத்த இயலாதா? சிலவற்றை இயலும். வெளுத்தெரிந்து விவரமற்றுப் போன நெற்றியில் சுருக்கத்தைத் திரும்ப எழுப்ப இயலாது. இல்லாததை வரையலாம், மீட்க முடியாது. ஒரு கன்னத்தில் 3200 கெல்வின் மஞ்சள் விளக்கும் மறு கன்னத்தில் 6500 கெல்வின் நீல வெள்ளை விளக்கும் பட, பின்னாலிருந்து மேடை வண்ண விளக்கான பார் லைட்டின் ஊதாவும் சேர்ந்த முகத்தில், ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று கெடும். ஆழ்ந்த சிவப்பைச் சரியாகக் கொடுக்காத மலிவு எல்.இ.டி.யின் கீழே குங்குமமும் அரக்குப் பட்டும் செத்துப் போகின்றன. விளக்கிலேயே இல்லாத சிவப்பை எந்த மென்பொருள் எங்கிருந்து கொண்டுவரும்?

இப்படிச் சொல்வதால் நான் செயற்கை ஒளியே ஆகாது, ஜன்னல் ஒளி ஒன்றே சத்தியம் என்று சாதிக்கும் புதிய கூட்டத்தைச் சேர்ந்தவனென்று எண்ண வேண்டாம். அவர்கள் ஐரோப்பியப் புத்தகத்தைப் படித்துவிட்டு வடக்கு ஜன்னலே உத்தமம், அதில் வெயில் ஒருநாளும் நேரே படாது என்கிறார்கள். திருச்சி இருப்பது வட அட்சம் 10.8 பாகையில், சித்திரை முதல் வாரம் தொடங்கி ஆவணி முதல் வாரம் வரை நண்பகற் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலை நம்பியவர் முகத்தில் வெயிலே வந்து விழும். மூக்குத்தியும் வைரத்தோடும் சுடர்விட வேண்டுமானால் சிறிய, கூரிய விளக்கொன்று எங்கேனும் இருந்துதான் ஆக வேண்டும். இயற்கையா செயற்கையா என்பது இங்கே கேள்வியே அன்று. ஒளி எங்கிருந்து வருகிறது, எவ்வளவு அகலமாக வருகிறது, என்ன நிறத்தில் வருகிறது என்ற மூன்றையும் நிச்சயித்தவருக்கு எந்த விளக்கும் உதவும்.

செலவு அதிகமாகுமே என்று அஞ்சுவோருக்கும் ஒரு வார்த்தை. நல்ல எல்.இ.டி. விளக்கு ஒன்றை, மணமக்களின் முகத்துக்குப் பாதிப் பக்கவாட்டில், தலைக்கு மேலே இரண்டு முழ உயரத்தில் நிறுத்தி, அதன் முன்னே போதிய தூரம் விட்டு வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துக் கட்டினால், கையகல விளக்கு நாலடி அகல ஜன்னலாகிவிடும். நிழலின் விளிம்பு கத்திவெட்டாக இல்லாமல் படிப்படியாகக் கரையும். சூடேறும் ஹாலஜனுக்கு முன்னே துணி கட்டுவது மட்டும் தீ விபத்துக்கு இடமாகும். அதை ஒருபோதும் செய்யக் கூடாது. மறுபக்கத்தில் ஒரு தெர்மாகோல் பலகை சாய்த்துவைத்தால் நிழல் வேண்டிய அளவுக்குத் தெளியும். கூரை இருபதடிக்கு மேல் உயர்ந்தோ பொன் வர்ணம் பூசப்பட்டோ இருக்கும் மண்டபங்களில் ஃபிளாஷை மேலே திருப்பி அடிப்பது பயன்படாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே வேட்டி கட்டிய விளக்கே கதி. பொன்மலைக் குவார்ட்டர்ஸ்களைப்போல் சுண்ணாம்பு அடித்த சுவருள்ள வீடுகளிலோ, அந்தச் சுவரை நோக்கி ஃபிளாஷைத் திருப்பினால் சுவர் முழுவதுமே விளக்காகிவிடும்.

ஆகவே கல்யாணம் வைத்திருக்கும் பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் இது: படம் எடுப்பவருக்கு முன்பணம் கொடுக்கும் நாளில், எத்தனை விளக்கு கொண்டுவருவீர்கள் என்று கேட்காதீர்கள், மணமேடையில் விளக்கை எந்தப் பக்கம் வைக்கப்போகிறீர்கள், ஏன் அங்கே வைக்கிறீர்கள் என்று கேளுங்கள். முகூர்த்த வேளையில் பின்திரையின் பிரகாசத்தைத் தணிக்கவும், எதிரேயுள்ள விளக்கு வரிசையை அணைக்கவும் அலங்காரக்காரரிடம் முன்னதாகவே சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். விளக்கின் பக்கத்தைக் கேட்டதும் விடை சொல்லத் தெரியாதவரிடம், அவர் கேமரா எத்தனை லட்சம் பெறுவதாயினும், உங்கள் பெண்ணின் முகத்தை ஒப்படைக்காதீர்கள்.